வியாழக்கிழமைக் கீரி

ஒட்டுக்கேட்டேன்னு நினைச்சுக்காதீங்க தம்பி. முப்பத்தி நாலு வருசம் போலீஸ் உத்தியோகம் பார்த்த காது, அது பாட்டுக்குக் கேட்டுக்கும். இப்ப போன்ல உங்க வீட்டம்மாகிட்டச் சொன்னீங்களே, வீட்டுக்குப் பின்னால காலியிடம் சும்மாதான் கிடக்குது, ஒரு பத்துக் கோழி வாங்கி விடலாம்னு. நல்ல காரியம். விடுங்க. ஆனா பஸ்சு கரூர் போய்ச் சேர இன்னும் ஒண்ணே கால் மணி நேரம் இருக்குது. அதுக்குள்ள நான் பட்டதைச் சொல்லிர்றேன். கேட்டுப்போட்டு வாங்குங்க.

எம் பேரு தெய்வசிகாமணி. தாராபுரத்துல வீடு. கான்ஸ்டபிளாச் சேர்ந்து, கடைசி அஞ்சு வருசம் ஸ்பெஷல் எஸ்.ஐ.யா இருந்து ரிட்டையர் ஆனவன். தோள்ல ஸ்டார் இருந்துது. ஆனா எங்க தெருவுல ஒருத்தனும் ஏட்டய்யாங்கறதை விடலை. இன்னிக்கும் ஏட்டய்யாதான். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. சும்மா சொன்னேன்.

ரிட்டையர் ஆன அன்னிக்கு ஸ்டேஷன்ல சால்வை போத்தி ஒரு கடிகாரம் குடுத்தாங்க. ரைட்டர் குப்பண்ணன் மட்டும் என்னைத் தனியாக் கூப்பிட்டு, காலைக் கட்டின ஒரு பெட்டைக்கோழியும் ஒரு சேவலும் குடுத்தாரு. வீட்டுல சும்மா உக்காந்தா உனக்குக் கிறுக்குப் புடிச்சிரும், இதுகளை மேய்ச்சுக்கிட்டு இருன்னாரு. வாங்கிட்டுப் போனா, எங்க வீட்டம்மா, சம்பூர்ணம்னு பேரு, வாசல்லயே நிறுத்திப்போட்டா. வீட்டுக்குள்ள எச்சம் போட்டா மூணு பேரும் சேர்ந்து வெளிய போயிக்கோணும்னா. மூணாவது ஆளு நான்.

சேவலுக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு வெச்சேன். பதினோரு இன்ஸ்பெக்டருக்குக் கீழ வேலை பார்த்தவன் தம்பி நான். "இன்ஸ்பெக்டர், இக்கட்ட வா", "இன்ஸ்பெக்டர், கத்தாம உள்ள போ"ன்னு சொல்றதுல ஒரு சுகம் இருக்குது பாருங்க, அது பென்சன்ல கிடைக்காது. அவனும் நெம்ப நல்லவன். கேக்க மாட்டான், ஆனா கேக்கற மாதிரி தலையச் சாச்சுக்கிட்டு நிப்பான். நான் பார்த்த இன்ஸ்பெக்டர் பூரா அப்படித்தான்.

முதல் ஈடு பதிமூணு முட்டை. கூடையில மணலும் வைக்கோலும் போட்டு அடைக்கு வெச்சேன். பெட்டை இருபது நாள் உக்காந்துது பாருங்க, நான் பந்தோபஸ்து டூட்டியில்கூட அப்படி உக்காந்ததில்லை. தண்ணிக்கு எந்திரிக்கும், ரெண்டு வாய் தின்னும், மறுபடி உக்காந்துக்கும். இருபத்தி ஓராவது நாள் காலையில போய்ப் பார்த்தா ஓட்டுக்குள்ள இருந்து சத்தம் கேக்குது. இன்னும் வெளியவே வரலை, அதுக்குள்ள கத்துது. சம்பூர்ணத்தைக் கூப்பிட்டேன். எனக்கு வேற வேலை இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே வந்தா. வந்து உக்காந்தவதான். அடுப்புல வெச்ச பருப்பு தீஞ்சு, வாசம் பக்கத்து வீடு வரைக்கும் போயிருச்சு. பதினொண்ணு பொரிச்சுது. குஞ்சுகளுக்குக் கம்பை இடிச்சுக் குருணையாக்கித் தட்டுல கொண்டுவந்தவ அவதான். நான் சொல்லவே இல்லை.

ஒரு நாள் பருந்து இறங்குச்சு. அந்தத் தாய்க்கோழி, ஒண்ணரைக் கிலோ இருக்குமா, அது எகிறிப் பறந்து பருந்து மேல விழுந்துது. பருந்து போயிருச்சு. இன்ஸ்பெக்டர் அந்நேரம் எங்க இருந்தான்னு கேக்காதீங்க. எல்லாம் முடிஞ்சப்பறம் துணி தொவைக்கற கல்லு மேல ஏறி நின்னு கூவினான்.

அப்படியே பெருகிச்சு. ஒரு வருசத்துல முப்பத்தி ரெண்டு உருப்படி. ஒவ்வொண்ணுக்கும் கால்ல ஒரு கலர்ல நூல் கட்டி அடையாளம் வெச்சிருந்தேன். தினம் காலையில ஆறு மணிக்குக் கொடாப்பைத் தூக்கினா வரிசையா வெளிய வரும், நான் நின்னு பார்ப்பேன். கொடாப்புன்னா கோழி அடைக்கற மூங்கில் கூடை. பின்னால கம்பி வலை போட்டுக் கதவு வெச்சு பெரிய கூண்டே கட்டினேன். தெருவுல போறவங்க அணிவகுப்பு முடிஞ்சுதுங்களா ஏட்டய்யான்னு கேப்பாங்க. கேலிதான். எனக்குத் தெரியும்.

அப்பறம் பங்குனி மாசம் வந்துது.

வெள்ளைக்கழிச்சல்னு ஒரு சீக்கு. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, வளர்த்தா தெரிஞ்சுக்குவீங்க. ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிக்குதுன்னு காலையில பார்த்தேன். சாயங்காலம் மூணு. எட்டு நாள்ல இருபத்தி மூணு போச்சு தம்பி. அந்த முதல் பெட்டையும் போச்சு. கடைசியா என் கால்கிட்ட வந்து நின்னு, அப்படியே உக்காந்துது. நான் என்னென்னமோ பொணமெல்லாம் பார்த்தவன். ரயில்ல அடிபட்டது, கிணத்துல மிதந்தது, எல்லாத்துக்கும் மகஜர் எழுதிப்போட்டு நேராப் போய் டீ குடிச்சவன். அன்னிக்கு வேப்பமரத்தடியில குழி பாதி தோண்டும்போதே மம்முட்டியக் கீழ போட்டுட்டேன். சம்பூர்ணம் எடுத்து மிச்சத்தைத் தோண்டினா.

மிச்சம் ஒம்பது. எல்லாத்தையும் வித்துப்போட்டு விட்ரலாம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டா. குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு, மூக்குல ஒரு சொட்டு மருந்து விடோணும், எட்டாவது வாரம் றெக்கைக்கடியில ஊசி போடோணும், மருந்தை ஐஸ் வெச்ச பிளாஸ்குல கொண்டுவரோணும், கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டாக் குடுப்பாங்கன்னு மடமடன்னு சொல்றா. உனக்கு எப்படித் தெரியும்னேன். யூடியூப்ல பார்த்தேன்னா. சரின்னு நம்பிட்டேன். அவ வெச்சிருக்கறது பட்டன் போனு தம்பி. முப்பத்தி நாலு வருசம் துப்புத் துலக்கினவனுக்கு அன்னிக்கு அது தோணலை.

வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். ஒரு பொண்ணு இருந்தா. இருக்கறா. கோகிலவாணின்னு பேரு. அதையும் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

ஏழு வருசத்துக்கு முன்னால மாட்டுப்பொங்கல் அன்னிக்கு ஆத்தோரத்துல சேவக்கட்டு நடக்குதுன்னு தகவல். நாங்க போனோம். எல்லாரும் சேவலை இடுக்கிக்கிட்டு ஓடிட்டாங்க. ஒருத்தன் மட்டும் ஓடலை. ஏன்டான்னா, சேவலுக்குக் கால்ல அடிபட்டிருக்குதுங்க, தூக்கிக்கிட்டு ஓடினா வலிக்குமுங்கன்னான். பூபதின்னு பேரு. சொட்டுநீர்க் குழாய் விக்கற கடையில வேலை. கேஸ் எழுதினது நான்தான். அவனை ஜாமீன்ல விட்டாச்சு, சேவல் சாட்சிப் பொருள், அது ஸ்டேஷன்லதான் இருக்கோணும். கோர்ட்டுல ஒப்படைக்கற வரைக்கும் மூணு வாரம் எங்க ஸ்டேஷன் வேப்பமரத்துல கட்டிக் கிடந்துது. இவன் தினம் மத்தியானம் வந்து அதுக்குக் கம்பும் வெங்காயமும் போட்டுட்டு, காலுக்கு மருந்து தடவிட்டுப் போவான். மனுசன்னா இப்படி இருக்கோணும்னு நானே பாராட்டினேன். வீட்டுல வேற சொன்னேன்.

அதே நேரம் எங்க கோகிலா காலேஜ் முடிச்சுட்டு வீட்டுல இருந்தா. மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவா. அவ எனக்குக் கொண்டுவர்றா, அவன் சேவலுக்குக் கொண்டுவர்றான். மூணு வாரம். என் டேபிளுக்கு எதுத்தாப்புல. நான் சோத்துல கவனமா இருந்துட்டேன்.

ரெண்டு வருசம் கழிச்சு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பையன் மேல எனக்குக் கோபமில்லை. ஜாதி, வசதி அதெல்லாம்கூட நான் பெருசாப் பார்க்கறவன் இல்லை. ஆனா ஸ்டேஷன்ல சிரிச்சாங்க தம்பி. அக்யூஸ்டை மாப்பிள்ளை ஆக்கிக்கிட்டாரு ஏட்டுன்னு சிரிச்சாங்க. டி.எஸ்.பி.கூடச் சிரிச்சாரு. அன்னிக்குச் சொன்னேன், இந்த வீட்டுப் படியில அவங்க ரெண்டு பேரும் கால் வைக்கக்கூடாதுன்னு. வைக்கலை. நாலு வருசம். ஆத்துக்கு அக்கட்டால நாலு மைல்ல குடியிருக்காங்க, நான் அந்தப் பக்கம் வண்டியே திருப்பினதில்லை. சம்பூர்ணமும் அதைப் பத்திப் பேசினதில்லை. என் பேச்சுக்கு அவ்வளவு மரியாதைன்னு நினைச்சுக்கிட்டேன்.

சரி, கேசுக்கு வர்றேன்.

போன வருசம் ஐப்பசியில மறுபடி இருபது கோழி ஆயிருச்சு. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தா ஒண்ணு குறையுது. வியாழக்கிழமை எனக்கு ஓய்வூதியர் சங்கக் கூட்டம். பத்து மணிக்குப் போனா ஒரு மணிக்குத்தான் வருவேன். சம்பூர்ணம் கீரின்னா. இருக்கும்னு விட்டேன். அடுத்த வியாழக்கிழமை இன்னொண்ணு. அதுக்கடுத்த வியாழக்கிழமையும்.

அப்ப நான் உக்காந்து யோசிச்சேன். ரத்தம் இல்லை, றெக்கை இல்லை. கூண்டுக் கதவு கொக்கி போட்டபடி இருக்குது. கீரி வந்து கோழியத் தூக்கிக்கிட்டு கொக்கியும் போட்டுட்டுப் போகுமா? அதுவும் கிழட்டுக் கோழி, நொண்டிக் கோழியெல்லாம் விட்டுப்போட்டு, நல்ல சதை புடிச்சதாப் பார்த்து எடுக்குது. கூச்சல் இல்லை. ஆக, கோழிக்குப் பழக்கமான ஆளு. வியாழக்கிழமை நான் இல்லைங்கறது தெரிஞ்ச ஆளு. காயிதத்துல எல்லாத்தையும் எழுதி, இடத்தோட படம் வரைஞ்சு, முறைப்படி மகஜர் தயார் பண்ணினேன். சாட்சிக் கையெழுத்து சம்பூர்ணம் போட்டா.

போட்டுப்போட்டுச் சொல்றா, "விடுங்க, கீரிக்கும் குட்டி இருக்குமில்லீங்களா"ன்னு. இளகின மனசு, அவளுக்கு விசாரணையெல்லாம் ஆகாதுன்னு நினைச்சேன்.

எனக்குச் சந்தேகம் பக்கத்து வீட்டு சுந்தரமூர்த்தி மேல. இன்சூரன்ஸ் ஏஜெண்டு. வேலைன்னு போறதும் வர்றதும் நேரங்காலம் கிடையாது. ஆளு வேற ஒரு சுத்துப் பெருத்திருந்தான். அவன் வீட்டுக் குப்பைக் கூடையில கோழி றெக்கை கிடந்துது. எடுத்துக் கவர்ல போட்டு வெச்சேன். அவனைக் கூப்பிட்டு, போன வியாழக்கிழமை பத்து மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் எங்க இருந்தேன்னு கேட்டேன். ஏட்டய்யா பாலிசி போடத்தான் கூப்பிட்டிருக்காருன்னு நினைச்சு, பையைத் திறந்து நாலு திட்டத்தைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான். அரை மணி நேரம். கடைசியில றெக்கையைக் காட்டினேன். "இது வெள்ளை றெக்கைங்க ஏட்டய்யா, கடையில வாங்கின பிராய்லரு. உங்ககிட்ட வெள்ளைக் கோழி ஏது"ன்னான். யோசிச்சா, இல்லைதான்.

அப்பறம் அவனையே உதவிக்குச் சேர்த்துக்கிட்டேன். அவன் வீட்டு மாடியில நின்னா எங்க பின்பக்கம் பூராத் தெரியும். அந்த வாரம் வியாழக்கிழமை வழக்கம்போல பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கிட்டு, போயிட்டு வர்றேன்னு சொல்லிப்போட்டு, தெரு முக்கு வரைக்கும் நடந்து, சுந்தரமூர்த்தி வீட்டுப் பின்கதவு வழியா ஏறி மாடிக்குப் போயிட்டேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால ரெண்டு பேரும் குந்தியிருந்தோம். அவன் வறுகடலை கொண்டுவந்திருந்தான்.

பதினொண்ணேகாலுக்கு சம்பூர்ணம் பின்கதவைத் திறந்துக்கிட்டு வந்தா. கூண்டுக்குள்ள போனா. கோழியெல்லாம் அவ காலைச் சுத்திக்கிச்சு. ஒவ்வொண்ணாத் தூக்கி மாரைத் தடவிப் பார்க்கறா, கீழ விடறா, இன்னொண்ணைத் தூக்கறா. சந்தையில பார்க்கற மாதிரி. ஒரு செவலைக் கோழிய எடுத்தா. வெளிய வந்து கொக்கியப் போட்டா.

எனக்கு அப்பவும் புரியலை தம்பி. கீரிகிட்ட இருந்து காப்பாத்தறதுக்குத் தனியா எடுத்து வெக்கறாளாக்கும்னு நினைச்சேன். சுந்தரமூர்த்தி என்னையப் பார்த்தான். கடலையைக் கீழ வெச்சுட்டான்.

ஒரு மொபெட் வந்து பின்சந்துல நின்னுது. பூபதி. இறங்கி வந்து கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டான். உள்ள வாங்க மாப்பிள்ளை, ஒரு வாய்த் தண்ணி குடிச்சுட்டுப் போங்கன்னு இவ கூப்பிடறா. எனக்கு அங்க நல்லாக் கேக்குது.

"மாமா இல்லாத நேரத்துல உள்ள வந்தா நல்லா இருக்காதுங்க அத்தை."

கேட்டு மேலயே கோழிய வாங்கிக்கிட்டான். வாங்கிக்கிட்டுப் போகலை. அங்க நின்னபடியே இன்ஸ்பெக்டரைப் பார்க்கறான். சேவலு வலது காலைத் தூக்கித் தூக்கி வைக்கறான் பாருங்க, உள்ளங்கால்ல ஆணி வந்திருக்கும், மஞ்சளை வேப்பெண்ணெயில குழைச்சுக் கட்டுங்க, மாமாவுக்கு அவன்னா உசுரில்லீங்களான்னு சொல்றான். நான் தினம் பார்க்கறவன், எனக்குத் தெரியலை. யூடியூப் யாருன்னு அப்பத்தான் விளங்கிச்சு.

அப்பறம் சம்பூர்ணம் கேட்டா, "பாப்பா நல்லாத் தூங்குதுங்களா?"

பகல்ல தூங்குதுங்க அத்தைன்னு அவன் சொல்றான். கோகிலாவுக்குத்தான் உடம்பு இன்னும் தேறலை, நீங்க குடுத்துவிடற கோழியோட சாறுதான் உள்ள இறங்குதுங்கறான்.

நான் சுந்தரமூர்த்தியத் திரும்பிப் பார்த்தேன். அவன் மெதுவா, "தெரியாதுங்களா ஏட்டய்யா? பொம்பளப் புள்ளை. பொறந்து இன்னியோட இருபத்தஞ்சு நாளாச்சு. நான் போய்ப் பார்த்து பாலிசிகூடப் பேசிட்டு வந்துட்டேன்"னான்.

தெருவுக்கே தெரிஞ்சிருக்குது. பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்குது. கோழிகளுக்குத் தெரிஞ்சிருக்குது, அதுக போய்ப் பார்த்துட்டே இருந்திருக்குது. எனக்குத்தான் தெரியலை. என் பேச்சுக்கு மரியாதைன்னு சொன்னேன் பாருங்க, அது இப்படித்தான் இருந்திருக்குது.

போங்க ஏட்டய்யா, கையும் களவுமாப் புடிச்சாச்சுன்னு சுந்தரமூர்த்தி என் தோளைத் தொட்டான். எந்திரிக்கலாம்னு பார்த்தேன். கால் மரத்துப்போச்சு. வயசாகிப்போச்சில்ல. வேற ஒண்ணுமில்லை. கண்ணுல வேற தூசி. அந்த மாடியை அவன் கூட்டறதே இல்லை.

ஒரு மணிக்கு, கூட்டத்துல இருந்து வர்ற மாதிரி வீட்டுக்குப் போனேன். கால் கழுவிட்டு இலை முன்னால உக்காந்தேன். சம்பூர்ணம் சோத்தைப் போட்டுக்கிட்டே, "இன்னிக்கும் ஒண்ணைக் காணோமுங்க, கீரிதான்"னா. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. எத்தனையோ கேடிகளை விசாரிச்சிருக்கேன், இப்படி ஒரு ஆளைப் பார்த்ததில்லை.

நான் ரசத்தைப் பிசைஞ்சுக்கிட்டுச் சொன்னேன். "உங்க கீரிக்குக் கோழி பார்த்து எடுக்கத் தெரியலை. முட்டை போடற கோழியாப் பார்த்துத் தூக்குது. பெத்த உடம்புக்கு முட்டையிடாத வெடைக்கோழிதான் நல்லது. அடுத்த வாரம் அந்தச் சாம்பல் வெடையை எடுத்துக்கச் சொல்லு."

ஊத்தின ரசத்து மேலயே இன்னொரு கரண்டி ரசத்தை ஊத்தினா. அப்பறம் இன்னொரு கரண்டி. இலையில இருந்து ஓடி வேட்டிக்கு வந்துருச்சு. கரண்டிய வெச்சுட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டா. பொறவு சமையல்கட்டுல இருந்தே சொன்னா, "மூக்கு அப்படியே உங்களுதுங்க"ன்னு.

"கீரிக்கா?"ன்னு கேட்டேன்.

உள்ள சிரிக்கறாளா அழுகறாளான்னு தெரியலை. நான் எந்திரிச்சுப் போய்ப் பார்க்கலை. சோறு இருந்துது, தின்னுக்கிட்டு இருந்தேன்.

ஜன்னல் கண்ணாடியைச் சித்த இழுத்துவிடுங்க தம்பி, வெயிலு மூஞ்சியில அடிக்குது. ஆங்.

அடுத்த வியாழக்கிழமை நான் சங்கத்துக்குப் போகலை. வெள்ளைச் சட்டை, வேட்டி. சாம்பல் வெடையைப் புடிச்சுக் கையில வெச்சுக்கிட்டுப் பின்கேட்டுல நின்னுக்கிட்டேன். பதினொண்ணேகாலுக்கு மொபெட் சந்துல திரும்புச்சு. என்னையப் பார்த்ததும் இருபதடிக்கு அக்கட்டாலயே நின்னுபோச்சு. அவன் இறங்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. ஆத்தோரத்துல நின்னானே, அதே மாதிரி நின்னான்.

வண்டிய இக்கட்டக் கொண்டான்னேன். தள்ளிக்கிட்டு வந்தான்.

"லைசென்ஸ் இருக்குதா?"

எடுத்துக் குடுத்தான். வாங்கிப் பார்த்தேன். தேதி எல்லாம் சரியா இருந்துது. ஆர்.சி. கேட்டேன், இருந்துது. இன்சூரன்ஸ் கேட்டேன், அதுவும் இருந்துது, நம்ம சுந்தரமூர்த்தி போட்டுக் குடுத்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். எதுலயும் புடிக்க முடியலை. கோழிய எப்படிக் கொண்டுபோவேன்னு கேட்டேன். காலைக் கட்டி முன்னால தொங்க விட்டுக்குவனுங்க மாமான்னான்.

அங்க புடிச்சேன். அது மிருகவதை, பிரிவு பதினொண்ணு, ஏற்கெனவே ஒரு தடவை உன் மேல எழுதியிருக்கேன், மறுபடியும் எழுதட்டுமான்னேன். அவன் மெரண்டு போய், வேற எப்படிங்க மாமா கொண்டுபோறதுன்னான்.

"ஒரு ஆளு பின்னால உக்காந்து மடியில வெச்சுக்கிட்டு வரோணும்."

அவன் அந்தப் பக்கம் பார்க்கறான், இந்தப் பக்கம் பார்க்கறான், யாரு வர்றதுன்னு. சந்துல நாங்க ரெண்டு பேருதான். நான் ஏறி உக்காந்தேன். கோழிக்காகத்தான் தம்பி, வேற எதுக்குமில்லை. சம்பூர்ணம் உள்ள ஓடிப்போய் என் பழைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தலையில மாட்டிவிட்டா. ரெண்டு வருசமாப் பரண்ல கிடந்த சாமானு. ஒரு பொட்டுத் தூசி இல்லை. துடைச்சு வெச்சுக்கிட்டுத்தான் நின்னிருக்கறா. நீங்க முன்னால போங்க, நான் பஸ்ல வர்றேன்னா. சேலைகூட மாத்தியிருந்தா.

வழியில நாங்க பேசிக்கலை. இன்ஸ்பெக்டருக்குக் கால்ல ஆணி எடுத்தப்பறமும் வீக்கம் இருக்குதேன்னு கேட்டேன். அதுக்குப் பதில் சொன்னான். வெள்ளைக்கழிச்சல் ஊசி மறுபடி எப்பப் போடறதுன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னான். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் தம்பி. அவன்கூட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. கோழியப் பத்தி மட்டும்தான். தினம் ரெண்டு வேளை போன் பண்ணுவான், ஒரு அரை மணி நேரம் கோழியப் பத்திப் பேசுவோம், வெச்சிருவோம்.

ஆத்துப்பாலம் தாண்டினதும் மடியில கோழி ஒரு மாதிரி நெளிஞ்சுது. அப்பறம் வேட்டியில சூடா என்னமோ. சரி, வெள்ளை வேட்டியில அடிச்சுப்போட்டுதுன்னு நினைச்சேன். வண்டிய நிறுத்துன்னேன். மெதுவாத் தூக்கிப் பார்த்தா, முட்டை. சின்னதா, ஒரு ஓரத்துல இத்தினியூண்டு ரத்தக்கோடு. அதோட தலைச்சன் முட்டை. அதுவரைக்கும் முட்டையிடாத வெடை அது, அதனாலதான் அதை எடுத்தேன். வண்டி குலுக்கினதுல போட்டுதோ, மனசு வந்து போட்டுதோ, தெரியலை.

ரெண்டு பேரும் புளியமரத்தடியில நின்னு அந்த முட்டையைப் பார்த்துக்கிட்டே இருந்தோம். லாரிக்காரன் ஒருத்தன் என்னமோ ஏதோன்னு நிறுத்திப் பார்த்துட்டுப் போனான். "இனி இதை எப்படிங்க மாமா அறுக்கறது"ன்னான் பூபதி. அறுக்கறதாவது, வண்டிய எடுன்னேன். அந்தக் கோழி இன்னும் அங்கதான் இருக்குது. மூணு ஈடு பொரிச்சிருச்சு. சாறுக்கு அன்னிக்கு முருங்கைக்கீரைதான்.

வீடு சின்ன வீடு. வாசல்ல கோகிலா குழந்தையோட நின்னுக்கிட்டு இருந்தா. வண்டியில இருந்து நான் இறங்கறதைப் பார்த்தா. எளைச்சுப் போயிருந்தா. நான் ஹெல்மெட்டைக் கழட்டலை. கழட்டினா மூஞ்சி தெரியும்.

நாலு வருசம் கழிச்சு எங்கிட்ட முதல்ல என்ன சொன்னா தெரியுங்களா? "கோழிய அவருகிட்டக் குடுத்துட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்கப்பா. பச்சக் குழந்தை." அப்படியே அவங்கம்மா.

கோழிய அவன்கிட்டக் குடுத்தேன். முட்டையக் குடுக்க மனசு வரலை, சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். தொட்டிகிட்டப் போய் ரெண்டு தடவை சோப்புப் போட்டேன். கையத் துடைக்கறதுக்கு முன்னாலயே குழந்தையக் கொண்டுவந்து கையில வெச்சுட்டா. நான் வேண்டாம்னு சொல்றதுக்கு டைம் குடுக்கலை. மூக்கு, சம்பூர்ணம் சொன்னது சரிதான், பாவம். இடது பக்கம் முட்டை இருக்குதேன்னு குழந்தைய வலது தோள்ல சாச்சுக்கிட்டேன். கழுத்துகிட்ட மூச்சு விட்டுக்கிட்டே தூங்கிப்போச்சு.

சம்பூர்ணம் பஸ் புடிச்சு வந்து சேர்ற வரைக்கும் முக்கால் மணி நேரம் அந்த வாசல்ல அப்படியே நின்னேன். உக்காருங்கப்பா, உக்காருங்கப்பான்னு கோகிலா நாலு தடவை சொல்லியிருப்பா. நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால போட்டுக்கூடப் பார்த்தா. எப்படித் தம்பி உக்கார்றது? உக்காந்தா ஒண்ணு உடைஞ்சிரும், இன்னொண்ணு முழிச்சிரும்.